மழையைக் கேட்டு வழி போடுங்கள்

இலங்கைச் சுற்றுலா நடத்தும் தமிழகப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு,

சென்னை, திருச்சி, மதுரை, கோவை என்று எந்த ஊரில் அச்சிட்டாலும், இலங்கைப் பயணத்துக்கான உங்கள் துண்டறிக்கைகளில் நிறுவனத்தின் பெயரையும் கட்டணத்தையும் மறைத்துவிட்டால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. நான்கு இரவு, ஐந்து பகல். கட்டுநாயக்கவில் இறங்கியதும் பின்னவல யானைகள், மறுநாள் கண்டியில் தலதா மாளிகை, அப்புறம் நுவரெலியா, ஒரு தேயிலைத் தொழிற்சாலை, சீதா எலியவில் ஒரு கும்பிடு, கடைசியில் பெந்தோட்டைக் கடற்கரை, கொழும்பில் துணிக்கடை, விமானம். கொஞ்சம் கூடுதலாகப் பணம் கட்டுகிறவர்களுக்கு சிகிரியாவும் எல்லாவும் சேரும். இந்த இடங்கள் எதையும் குறை சொல்ல நான் வரவில்லை. அந்தத் துண்டறிக்கையில் மாதம் என்ற ஒன்றே இல்லை, அதுதான் என் குறை. பொங்கல் விடுமுறைக்குப் போகிறவருக்கும் அதே வழி, கோடை விடுமுறைக்குப் போகிறவருக்கும் அதே வழி. அந்தத் தீவில் எங்கே போவது என்ற கேள்விக்கு, எப்போது போகிறோம் என்பதே பாதி பதில். ஆகவே ஒரே வழித்தடத்தை ஆண்டு முழுக்க விற்பதை விட்டுவிட்டு, மழையைக் கேட்டு வழி போடுங்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்ளவே இந்த மடல். 2024இல் இலங்கைக்குப் போன இருபது லட்சத்துச் சொச்சம் வெளிநாட்டுப் பயணிகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். வேறெந்த நாட்டிலிருந்தும் அத்தனை பேர் போகவில்லை. அவர்களில் ஒரு பகுதியினரையாவது அழைத்துப் போகிறவர்கள் நீங்கள் என்பதால், உங்கள் மேசையில் வழி மாறினால் அது சின்ன மாற்றமாக இருக்காது.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய தமிழ்நாட்டில் பாதி. அதற்குள் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் மலைச்சரிவும் இருக்கிறது, 1,000 மில்லிமீட்டரைத் தொடவே திணறும் மன்னார், அம்பாந்தோட்டைக் கரைகளும் இருக்கின்றன. 1988இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த சிங்கராஜ மழைக்காட்டில் வெயில் தரையைத் தொடுவதே அபூர்வம். யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் சுண்ணாம்புக்கல் தரை, பனை, கிணறு. ஆண்டு முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டர் உயரத்தில் ஹோட்டன் சமவெளியில் ஜனவரி விடியலில் சில நாட்கள் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். அங்கிருந்து நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள் தெற்கே உப்பளமும் முட்புதரும். இத்தனை வேறுபாட்டுக்கும் காரணம் நடுவில் நிற்கும் மலையும் இரண்டு திசைகளிலிருந்து முறைவைத்து வரும் காற்றும்தான். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது மேற்குச் சரிவில் மோதி, கொழும்பு, காலி, இரத்தினபுரி, ஹட்டன் பக்கமெல்லாம் ஈரத்தை இறக்கிவிட்டு, மலையைத் தாண்டிக் காய்ந்த காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்புக்காரர்கள் அதைக் கச்சான் என்பார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குக் காற்று, அப்போது எல்லாம் தலைகீழ். திருகோணமலையும் மட்டக்களப்பும் நனையும், காலியும் மிரிசவும் வெயில் காயும். இடையில் மார்ச்-ஏப்ரலும் அக்டோபர்-நவம்பரும் இடைப்பருவங்கள். பிற்பகலில் இடிமழை, பின்னதில் புயலும் உண்டு. அக்டோபர்-நவம்பரை ஒதுக்கிவிட்டால், எந்த மாதத்திலும் தீவின் ஏதோ ஒரு பக்கம் வெளுத்தே இருக்கும். உங்கள் வேன் அந்தப் பக்கம் போகிறதா என்பதுதான் கேள்வி.

இதைத் தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைகளோடு வைத்துப் பாருங்கள். குடும்பமாகக் கிளம்பும் பெரும் கூட்டம் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்தான். ஏப்ரலில் தென்மேற்குக் கரையில் காலையில் வெளுத்திருந்து மாலையில் இடித்துப் பெய்யும். மே நடுப்பகுதி தாண்டியதும் பெந்தோட்டையிலும் ஹிக்கடுவையிலும் கடல் முரட்டுத்தனமாகிவிடும், கரையில் சிவப்புக் கொடி ஏறும். பணம் கட்டிக் கடலுக்குப் போன குழந்தைகள் ஹோட்டல் நீச்சல் குளத்தில் பொழுதைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றன. அதே வாரத்தில், அதே தீவில், பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் உள்ளே நடந்து போகலாம். நிலாவெளியில் படகேறினால் புறாத் தீவின் பவளப்பாறைகளைத் தெளிந்த நீரில் பார்க்கலாம். திருகோணமலைக்கு வெளியே ஆழ்கடலில் நீலத் திமிங்கிலங்கள் வரும் பருவமும் அதுவே. டிசம்பர் கடைசியிலும் பொங்கலிலும் கதை மாறுகிறது. அப்போது கிழக்குக் கரையில் மழை, கடலில் கொந்தளிப்பு. திமிங்கிலம் பார்க்க மிரிச, நீந்த உணவட்டுன, நடக்கக் காலிக் கோட்டை. ஜனவரி முதல் மேற்கு மலைச்சரிவும் தெளிந்துவிடும். இன்று நீங்கள் ஆண்டு முழுக்க விற்கும் வழித்தடம் உண்மையில் ஜனவரி முதல் மார்ச் வரைக்கான வழித்தடம். அந்த மூன்று மாதங்களில் அதை ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். மற்ற மாதங்களில் அதே தடத்தை விற்பது, பருவம் தப்பிய மாம்பழத்தை விற்பது மாதிரி. பெயர் அதுதான், ருசி இராது.

காலாண்டுத் தேர்வு முடிந்து வரும் செப்டம்பர் கடைசி வார விடுமுறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். யானை பார்க்க யால என்று துண்டறிக்கையில் போட்டுவிடுகிறார்கள். யாலவில் பயணிகள் அதிகம் போகும் முதலாம் பிரிவு, வறட்சி காரணமாக வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுகிறது. அதே நேரத்தில் வடமத்தியில் மின்னேரியாக் குளத்தில் நடப்பதைப் பாருங்கள். மகாசேன மன்னன் வெட்டுவித்த குளம் அது, வயது ஆயிரத்து எழுநூறு ஆண்டுக்குக் குறையாது. ஆகஸ்டில் வயலுக்கு நீர் போகப் போகக் கரை உள்வாங்கும். நீர் விட்டுப்போன சேற்றுத் தரையில் சில நாட்களில் புதுப்புல் முளைக்கும். சுற்றிலும் காடு காய்ந்து பழுப்பாக நிற்க, குளத்தின் அடிமடி மட்டும் பச்சையாக விரிந்து கிடக்கும். பிற்பகல் மூன்று மூன்றரைக்கு மேல் காட்டின் விளிம்பிலிருந்து யானைக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும். குட்டிகளை நடுவில் விட்டுப் பெரியவை சுற்றி நிற்கும். புல்லைத் தும்பிக்கையால் சுருட்டிப் பறித்து, வேர் மண்ணை முன்னங்காலில் தட்டி உதறிவிட்டுத்தான் வாய்க்குள் போடும். மாலைக்குள் எண்ணிக்கை நூற்றைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஜனவரியில் அதே இடத்துக்குப் போனால் குளம் நிறைந்து தளும்பும், யானையைக் காண்பது அதிர்ஷ்டம். அண்மை ஆண்டுகளில் மொரகஹகந்த நீர்த்தேக்கத்திலிருந்து நீர் வரத்து மாறியதால் வறட்சிக் காலத்திலேயே புல்வெளி மூழ்கிப்போவதாக இயற்கை ஆர்வலர்கள் முறையிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் கிளம்பும் வாரத்தில் குளம் எப்படி இருக்கிறது என்று உள்ளூரில் ஒரு போன் போட்டுக் கேட்பது உங்கள் வேலையில் சேர்கிறது. பக்கத்திலேயே கவுடுல்ல, ஹுருலு என்று மாற்று இடங்கள் இருக்கின்றன.

பருவத்தைப் பார்த்து இடம் மாறுவது நான் உங்கள்மேல் புதிதாகச் சுமத்தும் வழக்கமில்லை. அந்தத் தீவில் பிழைக்கிறவர்கள் எல்லோரும் காலங்காலமாகச் செய்வதுதான். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்களில் ஒரு பகுதியினர் தென்மேற்குக் காற்று தொடங்கியதும் படகையும் வலையையும் கட்டிக்கொண்டு முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைகளுக்குப் போய்த் தற்காலிகக் குடிலாக வாடி அமைப்பார்கள். காற்று திரும்பினால் ஊர் திரும்புவார்கள். 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலைக்கு யாத்திரைக் காலம் டிசம்பர் முழுநிலவில் தொடங்கி மே மாத வெசாக் முழுநிலவில் முடிகிறது. தென்மேற்கு மழை மலையேறும் முன்னரே யாத்திரையை முடித்துவிடுகிறார்கள். கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் இதற்கு நேர்மாறான காலத்தில் போகிறார்கள். யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, குமண, யால வனங்களைக் கடந்து ஆடி விழாவுக்குப் போய்ச் சேரும் அந்தப் பாதயாத்திரை முழுவதும் கிழக்கின் உலர்காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. தேயிலைக்கும் இதே கணக்கு. நுவரெலியாவுக்கு மேற்கே திம்புளப் பகுதியில் ஆண்டின் சிறந்த தேயிலை ஜனவரி முதல் மார்ச் வரை கிடைப்பது. மலையின் மறுபக்கம் ஊவாவில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை, கச்சான் காற்று இலையை வாட்டி எடுக்கும் மாதங்களில். மீனவரும் அடியாரும் தேயிலை வாங்கும் வியாபாரியும் பார்க்கும் நாட்காட்டியைச் சுற்றுலா நடத்துகிறவர் மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

வழிகாட்டியோடு போகும் பயணம் என்பதால் இதில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. தானாகப் போகிறவர் தவறான மாதத்தில் போய் நனைந்தால் அது அவர் பாடு. உங்களுக்குப் பணம் கட்டுகிறவர், தனக்குத் தெரியாததைத் தெரிந்தவர் ஒருவர் தேர்ந்தெடுத்துத் தருவார் என்பதற்காகத்தான் கட்டுகிறார். அந்தத் தேர்வு ஒருமுறை அச்சடித்த தாளில் உறைந்துவிட்டால், கூட வருகிறவர் வண்டி ஓட்டுகிறார், டிக்கெட் எடுக்கிறார், மாத்தளையில் ஒரு மசாலாத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நிறுத்துகிறார், அவ்வளவுதான். இலங்கையில் பெரும்பாலும் சாரதியே வழிகாட்டி, அதற்கென உரிமம் பெற்றவர்களும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களிடம் நிலத்தைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் ஏ-26 சாலை ஒன்று போதும். தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரிய வரை குளிர், மூடுபனி, தேயிலை. அங்கிருந்து பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற இறக்கம் தொடங்குகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே சமவெளி கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். பாதி இறக்கத்தில் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும், கீழே ஹசலக்கவுக்கு வரும்போது வண்டியின் ஏசி வேண்டியிருக்கும். மரம் குட்டையாகிறது, இலை சிறுக்கிறது, தேக்கு வருகிறது, வாய்க்காலும் வயலும் வருகின்றன. ஈரவலயத்திலிருந்து உலர்வலயத்துக்கு இறங்கிவிட்டோம் என்று அந்த வளைவுகளில் ஒருவர் எடுத்துச் சொன்னால், மலையில் பிறக்கும் மகாவலி ஆற்றை ஏன் திருப்பித் திருப்பி உலர்ந்த சமவெளிக்கு விட்டிருக்கிறார்கள் என்பதும், பொலன்னறுவையிலும் அநுராதபுரத்திலும் அரசர்கள் ஏன் குளத்துக்கு மேல் குளமாக வெட்டினார்கள் என்பதும் கேட்காமலே விளங்கும். இரவில் கடந்தால் இது அத்தனையும் போயிற்று. நான்கு நாளில் நான்கு ஹோட்டல் என்று திட்டமிட்டால் பாதிச் சாலை இருட்டில்தான் போகும்.

மலையகத்தில் தேயிலையைக் காட்டும்போது சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதுவும் பருவத்தோடு சம்பந்தப்பட்டது. முதலில் அங்கே இருந்தது கோப்பி. 1820கள் தொட்டுத் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். கோப்பிப் பழம் பறிப்பது சில மாதத்து வேலை, முடிந்தால் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். 1869இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது நிலைமை மாறியது. தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுக்கக் கிள்ள வேண்டியது. குடும்பங்கள் லயன் அறைகளில் நிலைத்துப்போனதற்கு அந்தச் செடியின் தன்மையும் ஒரு காரணம். அப்படி நிலைத்தவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948இல் பறித்தார்கள். 1964இல் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்தின்படி லட்சக்கணக்கானோரைத் திருப்பி அனுப்பினார்கள், அவர்களில் பலர் இன்று நீலகிரியில் இருக்கிறார்கள். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையக மக்கள் நினைவு நடைபயணம் ஒன்றையும் நடத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் ஒரு குழுவுக்கு இதைவிட நெருக்கமான கதை அந்த மலையில் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்தை விளக்க இருபது நிமிடம் ஒதுக்குகிறீர்கள். தோட்டத்தைச் சேர்ந்த ஒருவரையே அழைத்து இதைச் சொல்லச் செய்யப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

இனி உங்கள் தரப்பில் சொல்லக்கூடியவை. முதலாவது, வாடிக்கையாளர் கேட்பதைத்தானே கொடுக்க முடியும், அவர் நுவரெலியா என்று கேட்டால் நாங்கள் பாசிக்குடா என்று சொல்ல முடியுமா என்பது. நியாயமான கேள்வி. ஆனால் அவர் நுவரெலியா என்று கேட்பது உங்கள் துண்டறிக்கையில் அதைப் படித்ததால்தான். கோடையில் அவர் உண்மையில் கேட்பது குளிர்ச்சி. ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் சீசன். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொழும்பே மலையேறிவிடும், அறை கிடைத்தாலும் விலை எகிறியிருக்கும். அதே குளிர்ச்சியைக் கொஞ்சம் குறைவாக, கூட்டமில்லாமல், பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் கொடுக்கலாம். தென்மேற்கு மழை தொடங்கியபின் ஊவாப் பக்கம் மேற்குச் சரிவைவிட உலர்ந்தே இருக்கும். கிழக்குக் கரையிலிருந்து மகியங்கனை, பதுளை வழியாக அங்கே ஏறுவது சுலபம், எல்லாவின் ஒன்பது வளைவுப் பாலமும் அந்தப் பக்கம்தான். மே மாதம் கிழக்கிலும் வடக்கிலும் வெயில் கொளுத்தும் என்பதை நான் மறுக்கவில்லை. யாழ்ப்பாணத்து மே வெயிலும் லேசானதில்லை. அதனால்தான் கடலும் மலையும் சேர்ந்த வழியாகப் போடச் சொல்கிறேன்.

இரண்டாவது, இராமாயணத் தலங்களுக்காகவே வருகிறவர்கள் அதிகம், அவை மலையில் இருக்கின்றனவே என்பது. எல்லாம் மலையில் இல்லை. திருகோணமலையில் இராவணன் வெட்டு இருக்கிறது, அருகே கன்னியா வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. அதைவிட முக்கியம், ஈழத்தில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே இரண்டு. கோணேசுவரம் கிழக்குக் கரையில், திருக்கேதீச்சரம் மன்னார்க் கரையில். இரண்டும் உங்கள் வழக்கமான தடத்தில் இல்லை. சைவக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போய், சம்பந்தர் பாடிய தலத்தைக் காட்டாமல் பின்னவலவைக் காட்டித் திருப்பிக் கூட்டி வருவது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது. ஆடி, ஆவணியில் போகிறவர்களுக்கு நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழா வேறு இருக்கிறது.

மூன்றாவது, வடக்கும் கிழக்கும் போருக்குப் பின் இன்னும் சுற்றுலாவுக்குத் தயாராகவில்லை, சாலை சரியில்லை, அறை கிடைக்காது என்ற பேச்சு. 2009க்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இது உண்மை. இப்போது ஏ-9 சாலை நல்ல சாலை. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டிலிருந்து மீண்டும் ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நிறுத்திவிடுகிறார்கள், கப்பல்காரர்களும் மழையைக் கேட்டுத்தான் ஓட்டுகிறார்கள். அறைகள் தெற்கின் அளவுக்கு இல்லை என்பது மெய். யாழ்ப்பாணத்தில் நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு ஒரே ஹோட்டலில் இடம் பிடிப்பது சிரமம். பலாலிக்கு வருவதும் சிறிய விமானம். அதற்குத் தீர்வு பதினைந்து இருபது பேர் கொண்ட குழு. சிறிய குழு என்றால் தலைக்குச் செலவு கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வழியில் பலாலியிலோ காங்கேசன்துறையிலோ இறங்கி, மறு வழியில் கட்டுநாயக்கவில் விமானம் ஏறினால், போன சாலையிலேயே திரும்பி வரும் ஒரு முழு நாள் மிச்சமாகிறது. அந்த நாளின் ஹோட்டல், வண்டி, சாப்பாட்டுச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், வடக்குக்குப் போனால் போர் நடந்த இடங்களைக் காட்சிப் பொருளாக்கி விற்காதீர்கள். இழந்தவர்கள் அங்கேயே வாழ்கிறார்கள்.

நான்காவது, பருவநிலையே மாறிக்கொண்டிருக்கும்போது நாட்காட்டியை நம்பி என்ன பயன் என்பது. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது. நிலச்சரிவுகளில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், மலை ரயில்பாதை பல இடங்களில் சேதமடைந்தது. எந்தத் துண்டறிக்கையும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாதுதான். ஆனாலும் அக்டோபரும் நவம்பரும் புயலும் இடிமழையும் வரும் மாதங்கள் என்பது புதுச் செய்தி இல்லை. 1978இல் மட்டக்களப்பைத் தரைமட்டமாக்கிய புயல் வந்ததும் நவம்பரில்தான். பருவம் ஒரு வாரம் முந்தலாம், இரண்டு வாரம் பிந்தலாம். அதற்காகக் காற்று மலையின் எந்தப் பக்கம் மோதும் என்பது மாறிவிடப் போவதில்லை. நிச்சயம் தர முடியாதபோது, வாய்ப்பு அதிகமுள்ள பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் அனுபவசாலியின் வேலை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை மலைப் பயணத்தை விற்காமலே இருந்துவிடலாம் என்பது என் கருத்து. தீபாவளி விடுமுறைக் கூட்டத்தை இழப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த வாரங்களில் அநுராதபுரம், பொலன்னறுவை, தம்புள்ளை என்று குடை பிடித்துக்கொண்டு பார்க்கக்கூடிய இடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நடைமுறையில் இதற்கு மூன்று தடங்கள் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை இப்போதைய தடம், அதில் பெந்தோட்டையோடு காலியையும் சிங்கராஜவையும் சேர்த்து. பிப்ரவரியில் பறவை பார்க்க விரும்புகிறவர்களுக்கு மன்னார். குளிர்காலப் பூநாரைகளும் பள்ளிமுனையின் பெருக்கமரமும் திருக்கேதீச்சரமும் ஒரே நாளில் ஆகிவிடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை யாழ்ப்பாணத்தில் இறங்கி, திருகோணமலை, பாசிக்குடா, மகியங்கனை, பண்டாரவளை வழியாகக் கொழும்பு. ஆகஸ்ட், செப்டம்பரில் மின்னேரியாவை நடுவில் வைத்து, கலாசார நகரங்களும் கிழக்குக் கரையும். ஹோட்டன் சமவெளியை எந்தத் தடத்தில் சேர்த்தாலும் குழுவை விடிகாலையிலேயே வாசலுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் கீழிருந்து மேகம் ஏறி, அங்கே உலக முடிவு என்று பெயர்பெற்ற பள்ளத்தை மூடிவிட்டால், எண்ணூறு மீட்டருக்கு மேற்பட்ட அந்தச் செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் நின்று வெள்ளைத் திரையைத்தான் படமெடுக்க முடியும். நாட்களை ஐந்திலிருந்து ஏழாக்க முடிந்தால் ஆக்குங்கள். முடியாவிட்டால் இடங்களைக் குறையுங்கள், சாலையைக் குறைக்காதீர்கள். அந்த நாட்டின் பாதிக் காட்சி சாலையிலேயே இருக்கிறது.

வரும் கோடைக்கான துண்டறிக்கை இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்று நம்புகிறேன். போகும் முன் அதன் முதல் பக்கத்தில், கட்டணத்துக்கு மேலே, இந்தத் தடம் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரைக்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.